மடங்கிக் கிடக்கும் குறி

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே விரிந்து கிடக்கும் கரிசல் காட்டில், எதிரே தெரிகிற ஒன்று எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்வது லேசான காரியம் இல்லை. மேடு பள்ளம் இல்லாத நிலம். சித்திரை மாதத்தில் பத்து மணிக்கே கானல் ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சீமைக் கருவேல மரம் நூறு கஜத்தில் நிற்கிறதா, முந்நூறு கஜத்தில் நிற்கிறதா என்பதைக் காட்டில் பழகிய கண்தான் சொல்லும். இதே மாவட்டத்துக் குமாரலிங்கபுரம் என்ற பேரை இன்று வெளியூர்க்காரர்கள் கேள்விப்படுவது 1,052 ஏக்கரில் வரப்போகும் ஜவுளிப் பூங்காவால். அதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு இருந்தது மானாவாரிப் பருத்தியும், கம்பும், கரிமூட்டமும்தான். மழை பொய்த்த வருஷங்களில் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போனார்கள், போலீசுக்குப் போனார்கள், மத்திய ரிசர்வ் படைக்குப் போனார்கள். ஆகவே துப்பாக்கியின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு இரும்புத் துண்டின் கதையை இங்கிருந்து தொடங்குவது எனக்குச் சரியாகவே படுகிறது.

இந்தச் சீமையின் பழைய ஆயுதமான வளரிக்குக் குறிக் கருவி கிடையாது. எறிகிறவனின் கண்ணும் தோளும்தான் அதற்குக் குறி. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி, சிவகங்கையின் சின்ன மருதுதான் தனக்கு வேல் எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் என்று 1830இல் வெளியான தன் ராணுவ நினைவுகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் அது நூறு கஜத்துக்குள் தப்பாமல் போய்ச் சேரும் என்பது அவருடைய சாட்சியம். அதே காலத்தில் கும்பெனிச் சிப்பாய் சுமந்த பிரௌன் பெஸ் மஸ்கட்டுக்கும் பின்குறி இல்லை. குழலின் நுனியில் பயனெட் மாட்டுவதற்கென்று வைத்த சின்ன இரும்புக் கட்டியையே முன்குறியாகப் பாவித்தார்கள். உள்ளே வழுவழுப்பான குழல், அதற்குள் தளர்வாக உருளும் ஈயக் குண்டு. நூறு கஜத்துக்கு அப்பால் ஒற்றை ஆளைப் பார்த்துச் சுடுவது மருந்தை வீணாக்கும் வேலை. வளரியின் எல்லை முடிகிற இடமும் மஸ்கட்டின் எல்லை முடிகிற இடமும் ஏறக்குறைய ஒன்று. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறித்தது. இந்தச் சீமைக்காரன் மறுபடி ஆயுதம் தொட்டது பெரும்பாலும் வெள்ளைக்காரன் சம்பளத்தில்தான்.

குழலுக்குள் சுருள் வரி வெட்டிக் குண்டைச் சுழலவிட்ட பிறகுதான் குறிக்கு உயிர் வந்தது. 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளில் நிமிர்த்தி நிறுத்தும் பின்குறி இருந்தது. அதன் சட்டத்தில் நூறு நூறு கஜமாக எண்கள் ஏறின. நகரும் தகட்டை எந்த எண்ணில் வைக்கிறோமோ அந்தத் தூரத்துக்குக் குழல் தானாக நிமிரும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அதே துப்பாக்கியை இந்தியச் சிப்பாயிடம் கொடுக்க ஆட்சியாளர்களுக்கு நெஞ்சு துணியவில்லை. குழலின் உள்வரிகளைக் கடைந்து வழித்தெடுத்தார்கள். தூரம் மாற்றும் பின்குறியைக் கழற்றி எறிந்துவிட்டு, அசைக்க முடியாத ஒரு கட்டையை வைத்தார்கள். கடைந்ததில் குழல் மெலிந்து புடைத்துக்கொண்டதால் 1859இல் தடித்த குழலோடு அதையே திரும்பச் செய்தார்கள். ஒரு படையிடமிருந்து தூரத்தைப் பறிக்க நினைத்தவன் கை வைத்த இடங்கள் இரண்டுதான், குழலின் வரியும் பின்குறியும். இதைப் படித்த பிறகு பின்குறியை வெறும் உதிரிபாகம் என்று நினைக்க என்னால் முடியவில்லை.

அதன்பின் மெல்ல மெல்ல நம்பிக்கை திரும்பியது. கல்கத்தா பக்கத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை .303 லீ என்ஃபீல்டைத் தயாரித்தது. அந்தத் துப்பாக்கியின் முதல் உலகப் போர்க்கால மாடலில் வழக்கமான குறியோடு இன்னொரு குறி பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு படைப்பிரிவே சேர்ந்து வெகு தூரத்து இலக்கை நோக்கிச் சரமாரியாகச் சுடுவதற்கான ஏற்பாடு அது. பதுங்குகுழிப் போரில் அதற்கு வேலையே இல்லை என்று தெரிந்ததும் போர் நடுவிலேயே அதைக் கைவிட்டார்கள். ஒரே துப்பாக்கியில் இரண்டு குறிகள் இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது. ஆனால் ஒன்று கெட்டால் மற்றொன்று என்ற எண்ணம் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. இரும்பு கெடும் என்று யார் நினைப்பார்கள்?

இந்த இரும்புக் குறி செய்யும் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண், பின்குறி, முன்குறி, இலக்கு என்ற நான்கும் ஒரே கோட்டில் வர வேண்டும். மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அதனால் சுடுகிறவன் முன்குறியின் முள்ளைத் தெளிவாகப் பார்த்து, இலக்கை மங்கலாகவே விட்டுவிடப் பழக வேண்டும். புதிதாக வருகிறவனுக்கு இதுதான் பெரிய பாடு. மனசு இலக்கையே பார்க்கச் சொல்லும். பழைய .303இல் பின்குறி ஒரு வெட்டாக இருந்தது. வெட்டு, முள், இலக்கு என்று மூன்றுக்கும் கண் அலைந்தது. பின்னால் வந்த துளைக்குறி இந்த வேலையை ஒன்று குறைத்தது. வட்டத் துளை வழியே பார்க்கும்போது கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்ளும். சிறு துளை கூர்மையையும் கூட்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறவருக்குக்கூட முள் ஓரளவு தெளியும்.

இரண்டு குறிகளுக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அந்த இடைவெளி 55 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்குறி 1 மில்லிமீட்டர் தவறினால் 100 மீட்டரில் குண்டு 18 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இடைவெளி 37 சென்டிமீட்டராகச் சுருங்கினால் அதே ஒரு மில்லிமீட்டர் 27 சென்டிமீட்டர் ஆகிவிடும். 300 மீட்டரில் அது முக்கால் மீட்டரையும் தாண்டும். அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவு ஒரு முனையில் மயிரிழை பிசகினால் மறுமுனையில் சேலை கோணும் என்று அவருக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் அதிகம் பேர் கண்ணால் பார்த்திருக்கும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் எஸ்.எல்.ஆர். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். 1962இல் சீன எல்லையில் நம் ஜவான்கள் கையால் போல்ட் இழுத்துச் சுடும் .303ஐ வைத்துக்கொண்டுதான் நின்றார்கள். அந்த அடிக்குப் பிறகு இஷாப்பூரில் 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். தயாரிப்பு சூடுபிடித்தது. பின்னாளில் ராணுவம் இன்சாஸ் ரைஃபிளுக்கு மாறியபோது, எஸ்.எல்.ஆர். மாநிலப் போலீசுக்கும் துணை ராணுவத்துக்கும் வந்து சேர்ந்தது. கருவூல வாசலிலும் சிறைக் கோபுரத்திலும் காவலர் தோளில் தொங்கும் நீண்ட துப்பாக்கியைக் கூர்ந்து பார்த்தால், குழல் பக்கம் இரண்டு காதுகளுக்கு நடுவே ஒரு முள் தெரியும். அடிபடாமல் அந்த முள்ளைக் காப்பதுதான் காதுகளின் வேலை. பின்பக்கம் சரிவான தளத்தில் நகரும் துளைக்குறி. 200இலிருந்து 600 வரை எண்கள். அந்தத் துளைக்குறி மடங்கும். பிரிட்டிஷ் வடிவமைப்பில் இருந்து நமக்கு வந்த இந்தக் கீல்தான் என் கதையின் திருப்பம்.

அந்தக் கீல் எதற்குப் பயன்பட்டது என்பது 1970களில் வட அயர்லாந்தில் தெரிந்தது. பிரிட்டிஷார் தங்கள் எஸ்.எல்.ஆரின் மேல்மூடி மீது டிரைலக்ஸ் என்ற நான்கு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடிக் குறியை ஏற்றினார்கள். அதற்குள் டிரிட்டியத்தால் ஒளிரும் முள், இலக்கை மறைக்காமல் இருக்க மேலிருந்து கீழாக இறங்கி நிற்கும். கண்ணாடி மேலே உட்கார்ந்ததும் இரும்புப் பின்குறி மடங்கி அதன் அடியில் படுத்துக்கொண்டது. அதுவரை அந்தத் துப்பாக்கியை ஆண்டது அதுதான். அன்று முதல் அது தேவைப்பட்டால் எழுந்திரு என்று சொல்லி வைக்கப்பட்ட ஆள். பிரிட்டிஷார் 1985இல் ஏற்ற அடுத்த ரைஃபிளில் கண்ணாடிக் குறி தொடக்கத்திலேயே கூட வந்தது. அதன் முதுகின் மேல் அவசரத்துக்கு என்று ஒரு சிறு இரும்புக் குறியைப் பொருத்தி வைத்திருந்தார்கள்.

இன்னொரு பக்கம் ஸ்வீடனில் வேறு வேலை நடந்தது. ஏம்பாயின்ட் நிறுவனம் 1975இல் மின்கலத்தில் எரியும் சிவப்புப் புள்ளிக் குறியைக் கொண்டுவந்தது. வளைந்த கண்ணாடியில் சிறு விளக்கின் ஒளி பட்டுத் திரும்பி, முடிவில்லாத் தூரத்தில் ஒரு புள்ளி மிதப்பதாகக் கண்ணுக்குக் காட்டும். முள்ளைப் பார், இலக்கை மங்கலாக விடு என்ற பழைய பாடம் இதில் தேவையில்லை. இரண்டு கண்ணையும் திறந்து இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேலேயே நிற்கும். 1990களின் கடைசியில் அமெரிக்க ராணுவம் இந்தக் குறியைப் பெருமளவில் வாங்கியதும் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. ரைஃபிளின் முதுகுக்கும் அப்போதுதான் ஒரு பொது அளவு வந்தது. நியூ ஜெர்சியின் பிகாடினி ஆயுதச் சாலை 1995இல் வகுத்த தரப்படி, பற்கள் வெட்டிய ஒரு ரெயில். பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீட்டர், ஒரு பள்ளத்தின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் 10.01 மில்லிமீட்டர். எந்த ஊரில் செய்த குறியும் எந்த ஊர்த் துப்பாக்கியிலும் உட்காரலாம் என்றாயிற்று.

ரெயில் வந்ததும் அமெரிக்காவின் எம்16 வகைத் துப்பாக்கியின் மேலிருந்த கைப்பிடி போனது. பின்குறி இருந்ததே அந்தக் கைப்பிடிக்குள்தான். கைப்பிடி போனதும் முன்குறிக் கோபுரம் மட்டும் துணையில்லாமல் நின்றது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் தனியாக வாங்கி மாட்டும் மடக்குப் பின்குறி பிறந்தது. பிறகு குழலைத் தொடாமல் நிற்கும் நீள ரெயில்கள் வந்து முன்குறிக் கோபுரத்தையும் அகற்றின. அதோடு மடக்கு முன்குறியும் பிறந்தது. துப்பாக்கியோடு சேர்த்து வார்த்த உறுப்பாக இருந்தது, இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் துணைப் பொருளாக மாறிய கதை இது.

இனி இந்த மடக்குக் குறியை மாட்டும் வேலை. நம் நாட்டில் இப்படிப்பட்ட ரைஃபிளை வீட்டில் வைத்து இந்த வேலையைச் செய்ய யாருக்கும் வழி இல்லை. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் அதைப் படைகளோடு நிறுத்தி வைத்திருக்கின்றன. ஆகவே இது ரெஜிமென்ட்டின் ஆயுதக்கூடத்தில், ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியாளர் படையான இ.எம்.இ.யின் ஆர்மரர் கையில் நடக்கிற வேலை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவசரத்துக்கு இடமே இல்லாதது.

முதலில் மேகசினைக் கழற்றி, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, துப்பாக்கி காலி என்று இரண்டு பேர் உறுதி செய்ய வேண்டும். ரெயிலின் பள்ளங்களில் எண்ணெயும் மண்ணும் இருக்கக் கூடாது. ஒரு துணுக்கு மணல் அடியில் சிக்கினாலும் குறி சாய்ந்து உட்காரும். பின்குறியை முடிந்தவரை பின்னால் தள்ளி, கண்ணுக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். முன்குறி முடிந்தவரை முன்னால் போக வேண்டும். இடைவெளிக் கணக்குதான் காரணம். ஆனால் முன்குறியை வைக்கிற இடம் குழலோடு உறுதியாக இருக்க வேண்டும். கையால் அழுத்தினால் வளைகிற கைப்பிடி உறையின் நுனியில் வைத்தால், நீளம் கிடைக்கும், நம்பிக்கை கிடைக்காது. குழலில் பொருந்தியிருக்கும் வாயுக் கட்டையின் மேல் வைப்பதானால் இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த குறிதான் வேண்டும். சரமாரியாகச் சுட்டால் அந்தக் கட்டை கொதிக்கும், பாலிமர் குறி அங்கே இளகிவிடும். சில தயாரிப்பாளர்களே இதை எச்சரிக்கையாக எழுதி அனுப்புகிறார்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாயுக் கட்டையின் மேல்தளம் ரெயிலைவிடத் தாழ்வாக இருக்கக்கூடும். அப்போது அதற்கென்று உயரம் கூட்டிச் செய்த முன்குறி வேண்டும். முன்னும் பின்னும் ஒரே மட்டத்துக்குச் செய்தவையா என்று பார்க்காமல் மாட்டினால், எவ்வளவு திருகினாலும் குண்டு இலக்குக்கு வராது.

குறியைப் பள்ளத்தில் இறக்கியதும் முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், குறி தன் கனத்தால் முன்னால் போகப் பார்க்கும். ஏற்கெனவே பள்ளத்தின் முன்சுவரில் ஒட்டி நின்றால் நகர இடம் இருக்காது. முறுக்கு அளவைத் தயாரிப்பாளர் சொன்னபடி அதற்கான ஸ்பானரில் வைக்க வேண்டும். கை பலத்தைக் காட்டும் இடம் இது அல்ல. கழன்றுவிடாமல் இருக்க ஒரு துளி பசை, பிறகு ஸ்க்ரூ தலைக்கும் உடம்புக்கும் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு. அந்தக் கோடு உடைந்து தெரிந்தால் ஸ்க்ரூ திரும்பிவிட்டது என்று பொருள். இந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். அளவுகோல் இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில், ஒரு நொடியில் உண்மையைச் சொல்கிற பொருள் வேறு எது இருக்கிறது?

கண்ணாடிக் குறியோடு உயரம் பொருந்துவதும் முக்கியம். நிமிர்த்திய இரும்புக் குறி சிவப்புப் புள்ளியின் கண்ணாடி வழியாகத் தெரிய வேண்டும். நடுவிலேயே தெரியும்படி வைப்பவர்கள் உண்டு, கீழ் மூன்றில் ஒரு பங்கில் தெரியும்படி வைப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது ஏற்பாடுதான் நல்லதாகப் படுகிறது. பார்வைக்கு நடுவே முள் குத்திக்கொண்டு நிற்காது, தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் கிடைத்துவிடும். பெரிதாக்கும் கண்ணாடி வைத்த துப்பாக்கியில் இது நடக்காது. அங்கே கண்ணாடியைக் கழற்ற வேண்டும், அல்லது பக்கவாட்டில் 45 பாகை சாய்த்து மாட்டிய குறியை நம்பித் துப்பாக்கியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

மாட்டிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. குறியைக் குண்டோடு இணைப்பதை ஜீரோ செய்வது என்பார்கள். 25 மீட்டரில் ஒரே இடத்தைப் பார்த்து மூன்று அல்லது ஐந்து குண்டு. கூட்டமாக எங்கே விழுந்தன என்று பார்த்து, பக்கவாட்டைப் பின்குறியில் திருத்த வேண்டும், உயரத்தைப் பெரும்பாலும் முன்குறியில். பின்குறியை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ குண்டும் அந்தப் பக்கம் போகும். முன்குறி நேர் எதிர். குண்டு மேலே விழுந்தால் முள்ளை மேலே ஏற்ற வேண்டும். பிறகு 100 மீட்டருக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும், முடிந்தால் 300க்கும். குறியின் கோடு குழலுக்கு மேலே இருப்பதால், குண்டு கீழிருந்து ஏறி, அந்தக் கோட்டைக் கடந்து, தூரத்தில் மறுபடி இறங்கி வெட்டும். கிட்டத்தில் சரியாக இருந்தது தூரத்திலும் சரியாக இருக்கும் என்பது கணக்கில்தான், சுட்டுப் பார்க்கிற வரை அதை நம்பக் கூடாது. கடைசியாக, குறியை இருபது முறை மடக்கி நிமிர்த்திவிட்டு மறுபடி சுட வேண்டும். அதே இடத்தில் விழுந்தால்தான் அந்தக் கீல் நல்ல கீல்.

இங்கேதான் ஒரு குறுக்குவழி நுழைகிறது. சிவப்புப் புள்ளியை ஜீரோ செய்துவிட்டு, இரும்பு முள்ளின் நுனியைப் புள்ளியோடு ஒட்டி வைத்து, ரெண்டும் ஒண்ணுதான் என்று முடித்துவிடுகிறார்கள். தொடக்கத்துக்கு அது உதவும். ஆனால் அது சுட்டுப் பார்த்த ஜீரோ ஆகாது. புள்ளியில் பிழை இருந்தால் அந்தப் பிழையை இரும்பும் வாங்கிக்கொள்ளும். அப்புறம் எது எதற்குத் துணை?

பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஹவில்தார் ஒருவர், அக்னிவீர் தேர்வுக்கு ஓடிப் பழகும் தன் அக்கா மகனிடம் டீக்கடை வாசலில் இதைத்தான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

“மாமா, இப்பல்லாம் ரெட் டாட்தானாமே. பேக்சைட் எதுக்கு இன்னும் படிக்கணும்?”

“மாப்ள, டாட் எரியுறப்ப யாரும் சுடுவான். அணைஞ்சா நீ என்ன பண்ணுவ?”

“பேட்டரி வருஷக்கணக்குல நிக்குமாம் மாமா.”

“நிக்கும். நான் இல்லேங்கல. கண்ணாடியில சேறு அடிச்சா பேட்டரி தொடைக்குமா? போஸ்ட்ல பனி உறைஞ்சா? ஃபோர்சைட்டைப் பாத்து மூச்சை நிறுத்தி விசையை அமுக்கத் தெரிஞ்சவனுக்கு எந்தத் துப்பாக்கியையும் கையில குடு, ரெண்டாம் நாள் சுட்ருவான்.”

மருமகன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஏம்பாயின்டின் பிந்தைய மாடல் ஒன்று ஒரே மின்கலத்தில் 80,000 மணி நேரம் எரியும் என்கிறார்கள், எட்டு வருஷத்துக்கு மேல் வருகிறது. அப்படியானால் கூடுதல் கனம் எதற்கு என்று கேட்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. அணைந்துபோன குறி அணைந்துவிட்டது என்றாவது தெரியும். எரிந்துகொண்டே பொய் சொல்லும் குறியை எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவில் இயோடெக் என்ற பெயர்பெற்ற ஹோலோகிராஃபிக் குறியில் அது நடந்தது. கடும் வெப்பத்திலும் குளிரிலும் அதன் ஜீரோ நகர்ந்தது. குறைபாடு தெரிந்த பிறகும் அரசுக்குச் சொல்லாமல் விற்றார்கள் என்ற வழக்கில், அதன் உரிமையாளரான எல்-3 நிறுவனம் 2015 நவம்பரில் 2.56 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தக் குறி வைத்த துப்பாக்கியில் நன்றாக ஜீரோ செய்த இரும்புக் குறியும் இருந்து, அதை அவ்வப்போது நிமிர்த்திப் பார்த்தால், புள்ளியும் முள்ளும் ஒன்றையொன்று மறுப்பது அன்றே தெரிந்துபோகும். துணைக்குறிக்கு நான் முதலில் வைக்கும் வேலை இந்தச் சாட்சி வேலைதான். மாற்று ஆள் என்பது அதற்கு அடுத்தது.

இரும்புக்கும் குறைகள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்தக் கரிசல் காட்டு வெயிலில் முள்ளின் ஒரு பக்கம் பளபளத்தால் கண் அந்த ஒளிரும் விளிம்பையே முள்ளின் நடு என்று எடுத்துக்கொள்ளும், குண்டு பக்கவாட்டில் விலகும். போட்டிச் சுடுநர்கள் கார்பைடு விளக்கின் புகையைக் காட்டி முள்ளைக் கறுப்பாக்கிக்கொள்வது இதற்காகத்தான். அந்தி சாய்ந்தால் முள் இருட்டோடு கலந்துவிடும். வேகத்தில் சிவப்புப் புள்ளியோடு இரும்பு போட்டியிட முடியாது. முதன்மைக் குறி கண்ணாடியாக இருப்பதே நியாயம்.

நம் ராணுவத்தில் இந்தக் கதை ஒரு வினோதமான வரிசையில் நடந்தது. 2019 பிப்ரவரியில் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 சிக் 716 ரைஃபிள்கள் வாங்க அவசர ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அவை வரத் தொடங்கி வடக்கு எல்லைக்குப் போயின. 7.62 மில்லிமீட்டர் குண்டு, மேலே நீள ரெயில். அதன் மீது வைக்க வேண்டிய கண்ணாடிக் குறி துப்பாக்கியோடு வரவில்லை. அரை கிலோமீட்டருக்குச் சுடவல்ல துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஜவான்கள் இரும்புக் குறியை நம்பி நின்றார்கள். 2024இல் இன்னும் 73,000க்கு ஆர்டர் போனது. இந்தத் துப்பாக்கிகளுக்கான இரவுக் குறிகளுக்கு எம்.கே.யு. நிறுவனம் முன்னிற்கும் கூட்டமைப்போடு 659.47 கோடி ரூபாய்க்குப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் செய்தது 2025 அக்டோபரில். நட்சத்திர வெளிச்சத்திலேயே 500 மீட்டர் வரை சுட உதவும் என்று அமைச்சகம் சொல்கிறது. வெளிநாட்டில் கண்ணாடிக்குத் துணையாகப் பிறந்த பொருள், நம் எல்லையில் சில வருஷம் தனி ஆளாகவே காவல் நின்றிருக்கிறது.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் தொடங்கியது. இன்சாஸ் அங்கேயும் உருவானது, திருச்சி அசால்ட் ரைஃபிளும் அங்கேதான் பிறந்தது. 2021 அக்டோபர் முதல் இஷாப்பூரும் திருச்சியும் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. குமாரலிங்கபுரத்துப் பையன் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தால், கையில் வாங்கும் துப்பாக்கி திருச்சியில் செய்ததாக இருக்கக்கூடும்.

இரவுக் குறிகள் வந்து சேர்கிற இந்த நேரத்தில் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. புதுக்கண்ணாடி மேலே ஏறியதும் இரும்பு மடங்கும், மடங்கியதை யாரும் நிமிர்த்துவதில்லை, கீலில் துரு ஏறும். ரேஞ்சுக்குப் போகும் நாளில், கண்ணாடிக் குறியில் சுட்டு முடித்த பிறகு, அதன் மூடியைப் போட்டுவிட்டு, அல்லது கழற்றி வைத்துவிட்டு, இரும்புக் குறியை நிமிர்த்தி 100 மீட்டரில் ஐந்து குண்டு சுட வேண்டும். எங்கே விழுந்தன என்பதை அந்தத் துப்பாக்கியின் அட்டையில் கண்ணாடியின் ஜீரோவுக்குக் கீழே தனி வரியாக எழுத வேண்டும், பெயின்ட் கோடு உடையாமல் இருக்கிறதா என்பதோடு சேர்த்து. ஆளுக்கு ஐந்து தோட்டா, சேர்ந்து சுடும் ஒரு டீடெய்லுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகும்.